தண்ணீர் கட்டாத நடவு

செடிக்குத் தண்ணீர் ஊற்றிய குற்றத்துக்காக ஒரு மனுஷன் நாற்பது நாள் பெண்டாட்டியின் ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தான் என்று சொன்னால் எங்கள் கும்பகோணத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததோடு போகவில்லை, அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

இரண்டாயிரத்து ஆறில் மின்வாரியத்தில் என்னை மாமல்லபுரம் பக்கம் தூக்கிப் போட்டார்கள். வடகடம்பாடியில் திருநாவுக்கரசு என்பவர் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். சாப்பாடும் அங்கேயே. உப்பிலி என்று என் பெயரைச் சொன்னதும் புருஷனும் பெண்டாட்டியும் உப்பு இல்லாதவனா என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த ஊரில் நான் வயர்மேன் சார்தான்.

நான் அரசண்ணன் என்று கூப்பிட்ட வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது. ஏரிப் பாய்ச்சலில் ஒரு ஏக்கர் நெல் வைத்திருந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு காலை ஆறரை மணி பஸ்ஸில் மாமல்லபுரம் போய், ஆபிரகாம் என்பவரின் ஓட்டலில் வெங்காயம் உரித்து, மாவு பிசைந்து, சாயங்காலம் திரும்பும். ஆபிரகாம் ஓட்டல் வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் மொட்டைமாடிக் கடை. மீனும் பீட்சாவும் அங்கே விசேஷம். ஒருநாள் மிச்சமான பீட்சாத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது. அரசண்ணன் ஒரு கடி கடித்துவிட்டு, "அடைய சுட்டு அது மேல இன்னாத்தையோ கொட்டி வச்சிகீறானுங்க" என்று மீதியை என் தட்டில் போட்டார்.

வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட் மேட்டு நிலம். சின்னப்பொண்ணக்காவின் மஞ்சக்காணி அது. கல்யாணத்தின்போது அப்பா மகள் பேருக்கே எழுதிக் கொடுத்தது. சிறுசேரியில் கம்பெனி கம்பெனியாக வந்துகொண்டிருந்த காலம். கேளம்பாக்கத்திலிருந்து பாலசுப்ரமணியன் என்ற புரோக்கர் வெள்ளை ஸ்கார்பியோவில் வாரம் ஒருமுறை வந்து அந்த முப்பது சென்ட்டை விலைக்குக் கேட்டான். அரசண்ணனுக்கு விற்றுவிட வேண்டும் என்று ஒரே குறி. அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அக்கா அசையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மகளைப் படூரில் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி நிலத்தை விற்று மூன்றே வருஷத்தில் தின்று தீர்த்துவிட்டு, தன் வயலில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே வாட்ச்மேனாக நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். குடும்பமே அங்கே வாட்ச்மேன் அறையில் குடியிருந்தது. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா அந்தக் கேட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

கார்த்திகை முடிகிற சமயம். மாட்டுக்கொட்டகையில் எரியாத பல்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சாணி அள்ளியபடியே பேச்சை எடுத்தது.

"ஆபிரகாமு ஆரிகானோ செடி தர்றேன்னு சொல்றாரு. பீட்சா மேல தூவற தழ. டப்பாவுல காஞ்சது வாங்கினு கீறாரு. பச்சத் தழையா, மருந்து படாம, ஆர்கானிக்கா வெளைவிச்சிக் குடுத்தா வாரா வாரம் எடுத்துக்கறாராம். பின்னால நெலத்துல வைக்கப் போறேன்."

"தழ வித்து பொழைக்கிறியா? பாலு எவ்ளோ சொல்றான் தெரிமா?"

"ஒரு வெள்ளாம. ஒண்ணே ஒண்ணு. மாசி மகத்துக்குள்ள ரெண்டு கிலோ தழ ஆபிரகாமு கட தராசுல ஏறணும். ஏறலன்னா நானே வந்து கையெழுத்துப் போட்டுர்றேன். ஏறிட்சின்னா பாலு பேர இந்த வூட்ல எடுக்கக் கூடாது."

அரசண்ணன் யோசித்தார். முப்பது வருஷமாக அவர் பெண்டாட்டி சொன்ன சொல் மாறியதில்லை. அதுதான் அவருக்குத் தைரியம்.

"சரி. வயர்மேன் சார், நீங்க சாட்சி."

ஏணி மேல் நின்றிருந்த நான் தலையை ஆட்டினேன். பல்பை மாட்டிவிட்டுப் பேசாமல் இறங்கிப் போயிருக்க வேண்டும்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் ஆபிரகாம் ஆம்னி வேனில் நாற்றுகளைக் கொண்டுவந்தார். பெங்களூர் நர்சரியில் வாங்கியவை. கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகள் மூன்று, குழிக்கு ஒன்றாக விரல் உயரக் குட்டிச் செடிகள். எண்ணிப் பார்த்ததில் இருநூற்று எண்பத்தெட்டு தேறியது. இலையைக் கசக்கினால் ஓமமும் கொஞ்சம் மிளகும் கலந்த வாசனை.

ஆபிரகாம் சொல்லச் சொல்ல அக்கா விரல்விட்டு எண்ணி மனசில் ஏற்றிக்கொண்டது.

"அக்கா, இது அதும் ஊர்ல காஞ்ச மலையில, கல்லு சந்துல மொளைக்கிற செடி. தண்ணி ஜாஸ்தி ஆவாது. விரல மண்ணுல வுட்டுப் பாரு. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தாதான் ஊத்தணும். பனிக் காலத்துல நாலு நாளைக்கு ஒரு தபா போதும். யூரியா, பூச்சி மருந்து ஒரு பொட்டு படக் கூடாது. ஒரு ஜாண் வளந்ததும் நுனிய கிள்ளி வுடு, பக்கத்துல கிளைக்கும்."

அரசண்ணன் வேன் கதவில் சாய்ந்து நின்றார். "ஆர்கானிக்குன்னா இன்னா சார்?"

"மருந்து, உரம் எதுவும் போடாம வெளைய வைக்கறது, அண்ணாத்த."

"எங்க தாத்தா அப்டித்தான் வச்சாரு. அப்ப அதுக்கு வக்கில்லாத வெள்ளாமன்னு பேரு."

அக்கா ஏற்கெனவே ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு மேட்டுப்பாத்தி கட்டி வைத்திருந்தது. செம்மண், பாலாற்று மணல், மக்கிய எரு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மூட்டையில் வந்த கிளிஞ்சலை உலக்கையால் இடித்து மேலே தூவியிருந்தது. அந்த இடிப்பில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். தட்டின் அடியில் கட்டை விரலால் அழுத்தினால் வேரும் மண்ணுமாகச் செடி கொழுக்கட்டை போல் மேலே வரும். அதைக் கலையாமல் எடுத்து ஒரு ஜாண் இடைவெளியில் வைக்க வேண்டும். அரசண்ணனும் உட்கார்ந்து நட்டார். நாற்று நட்டுப் பழகிய கை, குழிக்கு மூன்றாக வைத்துக்கொண்டே போனது.

"யோவ், நெல்லா நட்ற? ஒண்ணு ஒண்ணா வை."

"ஒண்ண வச்சா அதுக்குத் தொணைக்கு யாரு?"

அக்கா பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டது. முடிந்ததும் செடிக்கு ஒரு கை தண்ணீர் தெளித்து நிறுத்திக்கொண்டது. அரசண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"நட்டா தண்ணி கட்டணும்மே. தண்ணி கட்டாத நடவ எங்கனா கண்டுகீறியா?"

"இங்க பாத்துக்க."

"நாளைக்கி எல்லாம் சுருண்டுக்கும், பாரு."

"நீ இந்தப் பக்கம் வராத. அது போதும்."

செடி வேர் பிடித்ததும் அடுத்த தொல்லை ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு முனியம்மா இலையை மோந்து பார்த்து, இது ஓமவல்லிதான், ஊட்டம் இல்லாமல் இலை சிறுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மார்கழிப் பனிக்கு ஊரெல்லாம் பிள்ளைகள் இருமின. பிள்ளைக்குப் பச்சிலை கேட்டு வந்தவர்களை அந்த ஊரில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. முனியம்மா பேரனுக்கு என்று இரண்டு இலை வாங்கிப் போனாள். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அக்கா ஓட்டலுக்குப் போனபிறகு வந்தவர்களுக்கு அரசண்ணன் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக் கொடுத்து நல்ல பேர் வாங்கினார். அக்கா வேலிமுள் வெட்டி வந்து பாத்தியைச் சுற்றி அடைத்தது.

"ஊர்ப் புள்ளைங்க இருமுது, இது முள்ளு போடுதே" என்று அரசண்ணன் என்னிடம் முறையிட்டார். அவர் நல்லவர்தான். அதுதான் அந்த வீட்டின் கஷ்டமே.

நட்டு ஒரு வாரம் இருக்கும். டிரான்ஸ்பார்மர் வேலை சீக்கிரம் முடிந்ததால் பகல் பன்னிரண்டரைக்கே சாப்பிட வந்தேன். உள்ளே அரசண்ணனைக் காணோம். களியும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்தபடி இருந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தால், முள்ளை ஒதுக்கிவிட்டு உள்ளே குந்தியிருந்தார். பக்கத்தில் குடம். ஒவ்வொரு செடியின் அடியிலும் மேல்மணலைக் கையால் விலக்கி, சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது உறிஞ்சியதும் மணலை இழுத்து மூடி உள்ளங்கையால் தடவிவிட்டார். மேலே பார்த்தால் காய்ந்த மணல்தான் தெரியும்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பாத்தா தெர்ல? தண்ணி காட்டறேன்."

"நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு அவர் சொன்னாரே."

"சார், பச்சப்புள்ளைக்கு நாலு நாளைக்கு ஒரு தபா பால் குடுப்பாங்களா? உச்சி வெயில்ல தலைய தொங்கப் போட்டுக்கினு கீது. அத்த பாத்துக்கினு நான் போயி களி துன்னணுமா? எறங்கல சார் தொண்டையில."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதீங்க. தழைக்கட்டும். அப்பால நானே சொல்றேன்."

எனக்கு ஒன்று புரியவில்லை. கேட்டேவிட்டேன். "நிலத்தை விக்கணும்னு நீங்கதானே ஒத்தைக்கால்ல நிக்கிறீங்க? செடி போனா உங்களுக்கு லாபம்தானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

"அது வேற, இது வேற சார்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காவிரிப் பாசனத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீர் கூடினால் செடி சாகும் என்று எப்படித் தோன்றும்? நல்லதுதானே செய்கிறார் என்று இருந்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு வேறு நன்றாக இருந்தது.

தை பிறந்தது. பொங்கலன்றைக்கே அடியிலைகள் மஞ்சள் அடித்தன. அக்கா விடியற்காலையில் எழுந்து பஸ்ஸுக்குப் போகுமுன் செடிகளை எண்ணும். இருநூற்று எண்பத்தெட்டு, இருநூற்று எழுபத்தொன்று, இருநூற்று நாற்பது. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் தட்டியது. பனி இறங்கியிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு, நாலு நாளுக்கு ஒருமுறை ஊற்றியதையும் நிறுத்திவிட்டது. செடி இன்னும் வாடியது. வாட வாட அரசண்ணன் ஒரு சொம்பை இரண்டு சொம்பாக்கினார். வேர் அழுகினாலும் செடி தாகத்தில் வாடினதுபோலத்தான் தலையைத் தொங்கப்போடும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அக்கா பாத்தி நடுவில் கறுப்புத் துணியில் திருஷ்டி பொம்மை கட்டியது. பூசணிக்காய் உடைத்தது. உப்புக் காத்து ஒத்துக்கவில்லை என்றாள் முனியம்மா. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தது. ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒருநாள் ஓட்டல் சமையல்கட்டிலேயே நின்று ஆபிரகாமைக் கேட்டுவிட்டது.

"அழுகலக் குடுத்து என் தலையில கட்டிட்டீங்களே சார். அத்த நம்பி நெலத்த வச்சிட்டேனே."

ஆபிரகாமுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அக்காவை ஆம்னியில் ஏற்றிக்கொண்டு நேரே வந்தார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். ஆபிரகாம் முள்ளைத் தாண்டிக் குதித்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். இழுக்கவே வேண்டியதில்லை, தானாகக் கையோடு வந்தது. வேர் பழுப்பேறி, உருவினால் தோல் கழன்றது. சாக்கடை நாற்றம். அந்தக் குழிக்குள் கையை விட்டு மண்ணை அள்ளிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"அக்கா, இது பாத்தி இல்ல. குட்டை."

"சத்தியமா நான் ஊத்தல சார். பத்து நாளா ஒரு சொட்டு ஊத்தல."

பேசிக்கொண்டே அக்கா திரும்பியது. நாங்களும் திரும்பினோம். அரசண்ணன் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றார். கணுக்கால் வரை சேறு. கழுவ நேரம் கிடைக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்காமலேயே அவர் பேச ஆரம்பித்தார்.

"இன்னா எல்லாரும் பாக்கறீங்க? மருந்தா அட்ச்சேன்? யூரியா போட்டனா? வெறும் தண்ணி. தண்ணி ஆர்கானிக் இல்லியா?"

ஆபிரகாம் கையிலிருந்த சேற்றை உதறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எத்தினி நாளா?"

"நட்ட மூணா நாள்லேர்ந்து."

"சாருக்குத் தெரிமா?"

"தெரியும்க்கா" என்றேன். அது என்னைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"கையெழுத்துக்கோசரம்தான?" அக்காவின் குரல் ஏறவே இல்லை. "வெசம் வச்சா ஊரு பேசும்னு தண்ணி ஊத்திக் கொன்ன."

"இன்னா சொல்ற?"

"வேற இன்னாத்துக்கு? விக்கணும், விக்கணும்னு நிக்கிறவன் எதுக்குத் திருட்டுத்தனமா ஊத்தணும்? மேல மணல போட்டு வேற மூடிகீற."

"நானா? பயிர கொல்றதா? நானா?" இரண்டு தடவை அதையே சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் போய்விட்டார். கால் சேறு வீடு முழுக்கத் தடம் வைத்தது.

ஆபிரகாம்தான் கோபத்தை மறந்து வேலையைச் சொன்னார். கிழக்கு ஓரம் மேடாக இருந்ததால் அங்கே எண்பது செடி வரை வேர் வெள்ளையாகவே இருந்தது. அவற்றை மண்ணோடு பெயர்த்து, மணல் கூட்டிய புதுப் பாத்திக்கு மாற்ற வேண்டும். சாகிற செடிகளில் நல்ல நுனி கிடைத்தால் கிள்ளி மணலில் ஊன்றினால் சில வேர் விடும். மகத்துக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருந்தது. அன்று இருட்டுவதற்குள் நானும் அக்காவும் ஆபிரகாமும் குனிந்த முதுகு நிமிராமல் மாற்றி நட்டோம். எனக்கு அது தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. அக்கா சமைக்கும், தட்டில் போட்டு வைக்கும். பிறகு என்னைப் பார்த்துச் சொல்லும்.

"சார், சோறு வச்சிகீது. துன்றவங்கள துன்னச் சொல்லுங்க."

அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பார். "சார், கொயம்புல உப்பு கம்மியா கீதுன்னு சொல்லுங்க."

"சார், உப்பு ஜாடி எங்க கீதுன்னு அவங்களுக்குத் தெரியும்னு சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே அடுப்படியில் நாலடி தூரத்தில் இருப்போம். நான் மின்வாரிய ஊழியனா, இவர்கள் வீட்டுத் தபால்காரனா என்று பத்து நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா, அவரு அதுக்காகச் செய்யலை. எங்கிட்டயே சொன்னாரு" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க சார். களிய துன்னுட்டு வாய மூடிக்கினு இருந்தவருதான நீங்க" என்றது. துன்னதை மறுக்க முடியாது. எழுந்து போய்விட்டேன்.

அரசண்ணன் முள்வேலிக்கு உள்ளே கால் வைக்கவில்லை. அறுப்பு வேலைகள் முடிந்த நாட்களில் பகல் முழுக்க வேலிக்கு வெளியே குந்தியிருப்பார். மாசி வெயில் ஏறியதும் செடிகள் கொஞ்சம் தலை சாயும். அவர் கைகளைக் கட்டிக்கொள்வார், அவிழ்ப்பார், துண்டை உதறுவார். சாயங்காலம் செடி தானாக நிமிரும். ஒருநாள் முள் இடுக்கு வழியாகக் கையை விட்டு, ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரைக்கும் மண்ணில் இறக்கி, வெளியே எடுத்து உற்றுப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"முப்பது வருசம் சார். ஒரு பயிரு என் கையால செத்துச்சின்னு யாரும் சொன்னதில்ல. கட்னவ சொல்லிட்டா."

"சொல்லிப் பாருங்கண்ணே அக்காகிட்ட."

"இன்னான்னு? தண்ணி ஊத்திட்டேன், மன்னிச்சிக்கோன்னா? எவனா சிரிப்பான்."

எண்பது செடியும் பிழைத்துப் புதர் கட்டின. ஊன்றிய நுனிகளில் ஐம்பது வேர் விட்டது. அக்கா இரண்டு தடவை நுனி கிள்ளிவிட்டது. கணக்குப் போட்டால் இரண்டு கிலோ வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும் என்ற நிலைமை. மகத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் பனி உலர்ந்ததும் அறுப்பது என்று அக்கா லீவு போட்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு பாலசுப்ரமணியனின் ஸ்கார்பியோ வந்து நின்றது. எனக்கு அன்று வாரவிடுமுறை. பத்திர நகலை அக்கா கையில் கொடுத்துவிட்டு, "சும்மா படிச்சிப் பாருங்கக்கா, ரெண்டு நாள்தான கீது" என்றான். அக்கா எட்டாவது வரை படித்தது. அதை வாங்கி வாசலில் நின்றபடி எழுத்துக்கூட்டிப் படித்தது. சர்வே நம்பர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தது. வாசல் களத்தில் அரசண்ணனின் சம்பா நெல் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காலால் துழாவிக் கிளறிவிட்டுக்கொண்டே, நகலையும் பார்க்காமல் எங்களையும் பார்க்காமல் இருந்தார்.

கிழக்கே கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மாசியில் மழையா என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் சொட்டுகள் களத்தில் விழுந்தன. பாலசுப்ரமணியன் வண்டிக்குள் ஓடினான். அரசண்ணன் தார்ப்பாயை அவிழ்த்தார். நெல்லை மூடத்தான் என்று நினைத்து நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். முள்வேலியை வெறுங்காலால் மிதித்துத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தார். பாயின் இரண்டு முனைகளை வேலிக்கம்பில் கட்டிவிட்டார். மற்ற இரண்டையும் கட்ட இடம் இல்லாமல், கைகளை அகல விரித்து ஆளே கம்பமாக நின்றார். எட்டாத பக்கம் பாய் தொங்கியது. மழை கொட்டியது. அவர் அண்ணாந்து கத்தினார்.

"போ! போய்த் தொல! வா வான்னு கும்புட்டப்பல்லாம் வரல, இப்ப உன்ன எவன் கூப்ட்டான்? போ, அந்தாண்ட போய்ப் பெய்!"

பக்கத்து வீட்டு ஓலைக்கீற்றுக்குக் கீழே நின்ற முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெய்யிற மழய வையிறானே, பாவி."

ஏரிக்கரை விவசாயி மழையைப் போ என்று சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். சொன்னபிறகு அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது, அழுதுகொண்டிருந்தார். மழையில் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பார். நன்றாகத் தெரிந்தது.

அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றது. கையில் இன்னும் அந்த நகல் இருந்தது. திறந்திருந்த வீட்டின் ஊடே களத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே நெல்லுக்கு நடுவே தண்ணீர் வாய்க்கால் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நகலைப் படிக்கட்டில் போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடியது.

"யோவ், நெல்லு நனையுது!"

நாற்பது நாளுக்குப்பின் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"நனையட்டும்."

"வருசத்துச் சோறுய்யா அது!"

"நனையட்டும்ன்றேன்ல! நீ இன்னா சொன்ன? நான் கொன்னேன்னு சொன்னல்ல? இப்ப சொல்லு. கொன்னனா நான்? சொல்லு!"

அக்கா பாய்க்கு அடியில் புகுந்தது. தொங்கிய முனையைத் தாவிப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டது. பாயின் நடுவில் தேங்கிய தண்ணீர் ஆடியது.

"அந்த மூலைய தூக்கிப் புடி. குழி கட்டுது பாரு, அப்டியே செடி மேல ஊத்தப் போவுது. கூறுகெட்ட மனுசா, இன்னும் மேல! சார், நீங்க இன்னா வேடிக்க பாக்கறீங்க? போயி நெல்ல அள்ளுங்க!"

நான் முன்பக்கம் ஓடி, கிடைத்த சாக்கில் கையாலும் முறத்தாலும் நெல்லை அள்ளிப் போட்டேன். ஒரு ஆள் அள்ளுகிற வேலையா அது? ஸ்கார்பியோ பின்னால் நகர்ந்து வந்து வேலியோரம் நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"அண்ணாத்த, அப்ப மகத்துக்கு அப்பால வரட்டா?"

"வராத!" அரசண்ணன் திரும்பாமலே கத்தினார். "ரெண்டு கிலோ ஏறுனாலும் வராத, ஏறலன்னாலும் வராத!"

"அக்கா, பேச்சு பேச்சா இருக்கணும்ல? இந்த நகல்ல ஒரு கையெழுத்தாச்சும்..."

"ரெண்டு கையும் எதுல கீதுன்னு கண்ணு தெரில உனுக்கு? போய்யா!"

வண்டி போய்விட்டது. மழை முக்கால் மணி நேரம் பெய்தது. அவ்வளவு நேரமும் அக்காவின் வாய் ஓயவில்லை. இதை அன்றைக்கே சொல்வதற்கு வாயில் என்ன வைத்திருந்தாய் என்றது. திருட்டுத்தனமாக மணலைத் தடவத் தெரிந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்றது. முள் குத்தி ரத்தம் வருகிறதே, காலைப் பார்த்தாயா என்றது. அவர் எல்லாவற்றுக்கும், "சரிமே, சரிமே" என்றபடி பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகத்தன்று ஆபிரகாம் கடைத் தராசில் ஏறியது ஒன்றே முக்கால் கிலோ. சாட்சிக்காரன் நானும் கூடத்தான் போயிருந்தேன். கையெழுத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. களத்து நெல்லில் பாதிக்கு மேல் முளை விட்டுவிட்டது. அதைக் காயவைத்து, அவித்து, குத்தி, ஆடி மாசம் வரைக்கும் அந்த முடைநாற்றச் சோற்றைத்தான் மூன்று பேரும் தின்றோம். குறை சொன்னவன் நான் ஒருவன்தான்.